தீரேந்திரநாத் கங்குலியின் ஊமைப் படங்கள்



சென்ற ஆண்டு, தவணை விடுமுறைக்கு முந்திய நாளன்று, புளியங்குளத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பழைய சலனப்படம் ஒன்றைக் காட்டுவதற்கு ஒழுங்கு செய்தோம். சார்லி சப்ளின் 1914ஆம் ஆண்டிலே நடித்த குறும்படம் அது. சிறுவர்களின் மோட்டார் வண்டிப் பந்தயத்தைப் படம் பிடிக்க வைத்திருக்கும் கமராவின் முன்னே தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் வந்து நிற்பார், விரட்டினால் விலகுவார், திரும்பினால் மீண்டும் வந்து நிற்பார். கதை அவ்வளவே. படம் தொடங்கியதும் இளம் ஆசிரியர் ஒருவர், ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று பதறிக் கம்பிகளைக் கழற்றிப் பூட்டலானார். அப்படத்துக்கு ஒலியே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்கு முன்னரே மண்டபம் சிரிப்பால் நிறைந்துவிட்டது. பேரப்பிள்ளையைக் கூட்டிச் செல்ல வந்து வாசலில் நின்ற மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "சேர், இந்த ஆள் எங்கடை பழைய விதானையார் நடக்கிறமாதிரியெல்லோ நடக்கிறார்" என்றார்.

ஒலி இல்லை, மொழி இல்லை, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை. ஆயினும் அமெரிக்க நாட்டுத் தெருவொன்றிலே நடந்த மனிதரிடம் அந்த அம்மையார் தம் ஊர் விதானையாரைக் கண்டுகொண்டார். நகைச்சுவைப் படம் என்பதன் உயிர் இவ்வாறு கண்டுகொள்வதிலேதான் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலே, படம் பேசத் தொடங்குவதற்கு முன்னரே, இதனை உணர்ந்து, நம்மவரை நம்மவருக்குக் காட்டிச் சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருந்தார். வங்கத்தைச் சேர்ந்த தீரேந்திரநாத் கங்குலி என்பது அவர் பெயர். அவர் நாட்டவர் அவரை டீ.ஜி. என்று சுருக்கமாக அழைப்பர். அவருடைய வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கு முன், அப்போதைய மேனாட்டு நிலைமையைச் சிறிது நோக்குதல் வேண்டும். சப்ளினுக்கு முதன்முதலாகக் கூலி கொடுத்துப் படத்திலே நடிக்கவைத்தவர் மக் செனற் என்பவர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்த ஐரிஷ் வழியினர். 1912இல் கீஸ்டோன் என்னும் கம்பனியை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே நடத்தத் தொடங்கினார். நகைச்சுவைப் படத்தை ஆலைத் தொழில்போல நடத்திக் காட்டியவர் அவரே. ஊரிலே ஓர் ஏரியின் நீரை வடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நடிகர்களைக் கூட்டிக்கொண்டு ஓடுவார். சேற்றிலே அவர்கள் விழுந்தெழும்புவதே அந்த வாரத்துப் படம். நான் பிள்ளைகளுக்குக் காட்டிய பந்தயப் படமும் இவ்வகையிலே பிறந்ததுதான். சப்ளினுக்கு அவர் கொடுத்த சம்பளம் கிழமைக்கு 150 டொலர். ஓராண்டு கழிந்ததும் வேறொரு கம்பனி 1,250 டொலர் தருவதாகச் சொல்ல, சப்ளின் அங்கே போய்விட்டார்.

செனற்றின் படங்களிலே துரத்தலும் விழுதலும் முகத்திலே பணியாரம் எறிதலும் மிகுதி. எவர் விழுந்தாலும் பார்ப்பவர் சிரிப்பர். கங்குலி தேர்ந்த வழி இதனின்று வேறானது. அதனை விளங்கிக்கொள்ள, இந்தியாவிலே அன்று எத்தகைய படங்கள் ஓடின என்பதை அறிய வேண்டும்.

தாதாசாகேப் பால்கே 1913ஆம் ஆண்டிலே அரிச்சந்திரன் கதையைப் படமாக்கி வெளியிட்டார். அதன் பின் வந்தவை பெரும்பாலும் புராண, இதிகாசக் கதைகளே. சென்னையிலே, மோட்டார் உதிரிப்பாகங்களை விற்றுவந்த நடராஜ முதலியார் என்பவர், புரசைவாக்கத்தில் ஒரு சிறு நிலையம் அமைத்து 1917ஆம் ஆண்டளவில் கீசகவதத்தை எடுத்தார். இவற்றையெல்லாம் பக்தியின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊமைப் படத்தின் தொழில்முறையே அப்படி. பாத்திரங்களின் பேச்சை எழுத்தட்டையிலே எழுதித்தான் காட்ட வேண்டும். பார்ப்பவருள் எழுத்தறிந்தவர் சிலரே. எழுத்தறிந்த ஒருவர் கொட்டகையிலே உரத்து வாசிக்க, மற்றையோர் கேட்டுக்கொண்டிருப்பர். கதை முன்னரே தெரிந்ததாயின் இந்தச் சங்கடம் இல்லை. திரௌபதியையும் கீசகனையும் தமிழருக்கு எவரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை அன்றோ?

நகைச்சுவைப் படத்துக்கு இந்த வசதி கிடையாது. கதை புதிது, ஆட்கள் புதியவர். அவர்களைப் பார்த்தவுடனே, "இவனை எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலேயே ஒருவன் இருக்கிறான்" என்று பார்ப்பவர் உணர வேண்டும். பால்கேயும் இடையிடையே சிறு விகடத் துண்டுகளை எடுத்ததுண்டு. ஆனால் அவை விருந்திலே ஊறுகாய்போல அமைந்தவை. விகடத்தையே விருந்தாக்கத் துணிந்தவர் கங்குலி.

அவர் 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் திகதி கல்கத்தாவிலே பிறந்தார். இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்திலே ஓவியக்கலை பயின்றார். பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று, நிஜாம் மன்னரின் கலைக் கல்லூரியிலே தலைமையாசிரியராக அமர்ந்தார். இந்தச் செய்தியை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை நேயர்கள் மன்னிக்க வேண்டும். வரவு இடாப்பும் நேரசூசியும் பெற்றோரின் முறைப்பாடுகளும் சூழ இருக்கும் ஒருவர், மாலையிலே தன் அறைக்குச் சென்று கிழவனாகவும் பெண்ணாகவும் வேடம் புனைந்து கண்ணாடியில் பார்த்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். அவர் உண்மையிலேயே வேடம் புனைந்தவர். தாமே ஆணாகவும் பெண்ணாகவும், முதியவராகவும் இளைஞராகவும் தோன்றிய புகைப்படங்களைத் தொகுத்து 1915ஆம் ஆண்டிலே ஒரு நூலாக வெளியிட்டார். "பாவேர் அபிவ்யக்தி" என்று அதற்குப் பெயர். உணர்ச்சிகளின் வெளிப்பாடு என்று பொருள்படும். அந்நூலின் சிறப்பை முதலிலே கண்டவர்களுள் கல்கத்தாப் பொலிசாரும் அடங்குவர் என்பது வேடிக்கை. துப்பறிவோருக்கு மாறுவேடம் புனையக் கற்பிக்கும்படி அவர்கள் கங்குலியை அழைத்தனர்.

அந்நாளிலே கல்கத்தாவில் சலனப்படத் தொழிலின் முடிசூடா மன்னராக விளங்கியவர் ஜாம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் என்னும் பார்சிக்காரர். 1902ஆம் ஆண்டிலே மைதானத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கிய அவருடைய கம்பனிக்கு, பிற்காலத்திலே இந்தியாவெங்கும், பர்மாவிலும் நமது இலங்கையிலுங்கூடப் படமாளிகைகள் இருந்தன. கங்குலி மதனை அணுகினார். அத்தொடர்பின் வழியாக, அக்கம்பனியிலே முகாமையாளராக இருந்த நிதீஷ் சந்திர லாகிரி என்பவரின் நட்புக் கிட்டியது. இந்த லாகிரி பிற்காலத்தில் உலக ரோட்டரிக் கழகத்தின் தலைவராக 1962இல் பதவியேற்றவர்; ஆசிய நாட்டவருள் அப்பதவியை முதன்முதலில் வகித்தவர். இளமையிலே விகடப்படம் எடுத்தவர் முதுமையிலே அத்தகைய பதவியில் அமர்ந்தாரென்பது பலருக்குத் தெரியாது.

இருவரும் சேர்ந்து 1918ஆம் ஆண்டிலே இந்தோ-பிரிட்டிஷ் பிலிம் கம்பனியைத் தொடங்கினர். வங்காளிகளையே உரிமையாளராகக் கொண்ட முதலாவது படக் கம்பனி அது எனலாம். பெயரிலே பிரிட்டிஷ் என்று இருப்பதைக் கவனியுங்கள். பத்தாண்டுகளின் பின் கங்குலி தொடங்கிய மற்றொரு கம்பனியின் பெயரிலும் பிரிட்டிஷ் என்னும் சொல் இருந்தது. ஆங்கில மோகத்தை எள்ளி நகையாடியவர் தம் கடைப் பலகையிலே அதனையே ஏன் எழுதினார்? வெள்ளைக்காரர் ஆட்சியிலே வங்கிக் கடனும் அனுமதிப் பத்திரமும் பெற அந்தச் சொல் உதவியிருக்கலாம் என்பது என் ஊகம். அன்றி, அதுவும் அவருடைய விகடங்களுள் ஒன்றோ என்னவோ!

அக்கம்பனியின் முதற்படம் "பிலாத் பேரத்". சீமை சென்று மீண்டவன் என்பது அதன் பொருள். கதை எழுதி, தலைமைப் பாத்திரமாகவும் நடித்தவர் கங்குலி, நெறிப்படுத்தியவர் லாகிரி. 1921ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கல்கத்தாவின் பவானிப்பூரிலுள்ள ரஸா படமாளிகையிலே திரையிடப்பட்டது. நெடுங்காலம் சீமையிலே இருந்துவிட்டுத் தாய்நாடு திரும்புகிறான் ஓர் இளைஞன். தான் அங்கே கற்றுவந்த நாகரிகத்தின்மேல் அவனுக்கு அளவற்ற மதிப்பு. காதல் பற்றியும் கலியாணம் பற்றியும் அவன் கொண்டிருக்கும் விசித்திர எண்ணங்களைக் கண்டு பெற்றோரும் உற்றாரும் திகைக்கின்றனர். பழைமையில் ஊறிய வீடு ஒரு பக்கம், அரைகுறை ஆங்கில நாகரிகம் மறுபக்கம். இரண்டும் மோதும்போது பிறப்பது சிரிப்பு.

1921ஆம் ஆண்டு என்பது சாதாரண ஆண்டன்று. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். மாணவர் கல்லூரிகளை விட்டு வெளியேறினர். சீமைத் துணி தெருவிலே எரிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, தாகூர் குடும்பத்து ஓவியரான ககனேந்திரநாதர், கோட்டும் தொப்பியும் மாட்டிய வங்காளிப் பாபுக்களைக் கேலிச் சித்திரங்களாகத் தீட்டி வெளியிட்டு வந்தார். அவருக்கும் முன்பே காளிகாட் கோயில் வாசலிலே படம் எழுதி விற்றோர் பாபுவைக் கேலி செய்திருக்கின்றனர். ஆகவே கங்குலி வெறும் வெளியிலே நின்று சிரிக்கவில்லை. ஊரார் ஏற்கெனவே தாளிலே கண்டு சிரித்த ஆளை அவர் எழுந்து நடக்கவைத்தார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாக வைத்தார். நகை தோன்றும் இடங்களுள் எள்ளலை முதலாக வைத்தார். உரையாசிரியராகிய பேராசிரியர் அந்த எள்ளலையும் இரண்டாகப் பகுத்து, தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் என விளக்குவார். மேடையில் நின்று பிறரைக் கேலிசெய்வது எளிது. கங்குலியோ, எள்ளப்படுகின்ற அந்தச் சீமைக்காரனாகத் தாமே தோன்றினார். படித்தவர், ஆங்கிலம் அறிந்தவர், மன்னரின் கல்லூரியிலே பதவி வகித்தவர். அவர் நகைத்தது தம்முடைய வகுப்பினரையே. எதிரே இருந்து பணம் கொடுத்துப் பார்த்தவருள்ளும் அவ்வகுப்பினர் பலர் இருந்திருப்பர். அவர்களும் சிரித்தனர் என்றால், அந்தச் சிரிப்பிலே பகை இல்லை என்பது பெறப்படும்.

நம் நாட்டு வானொலியின் மூத்த நேயர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சானா சண்முகநாதன் தந்த "லண்டன் கந்தையா" நாடகத்தின் பெயரைச் சொன்னாலே முகம் மலரும் முதியோர் எம் ஊரிலே இன்றும் உளர். சீமையையும் ஊரையும் ஒரே பெயரிலே கட்டிப்போட்டதுதான் அந்நாடகத்தின் வெற்றி. இக்காலத்திலும் ஓகஸ்ற் மாதத்தில் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் வந்திறங்குகின்றனர். தாம் பிறந்து வளர்ந்த வீட்டுக் கிணற்றையே ஐயத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போத்தல் தண்ணீருக்கு ஆள் அனுப்புவோர் உண்டு. அவர்களைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம். அவர்கள் போன பின், அவர்கள் விட்டுச் சென்ற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கண்ணாடியின் முன் நிற்கிறோம். கங்குலி இருந்திருந்தால் இரண்டையும் படமாக்கியிருப்பார்.

இந்தோ-பிரிட்டிஷ் கம்பனி நெடுநாள் நீடிக்கவில்லை. கங்குலி மீண்டும் ஐதராபாத்துக்குச் சென்றார். நிஜாம் அரசின் ஆதரவோடு லோட்டஸ் பிலிம் கம்பனியை நிறுவினார். படப்பிடிப்பு நிலையமும் படமாளிகைகளும் அமைந்தன. 1922, 1923ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வெளிவந்தன. "லேடி டீச்சர்", "மேரேஜ் டானிக்", "மாற்றாந்தாய்" என்று பொருள்படும் "பிமாதா", இவற்றோடு "இந்திரஜித்", "ஹரகௌரி" முதலிய புராணப் படங்களும் வந்தன. இப்பட்டியலே பல செய்திகளைச் சொல்கிறது. பெண் படித்து ஆசிரியையாவது, கலியாணம், மறுதாரம் என்று அன்றைய குடும்பங்கள் திண்ணையில் இருந்து பேசிய விடயங்களே அவருடைய கதைகளின் தலைப்புகள். வயிற்றுப் பிழைப்புக்காகப் புராணத்தையும் அவர் முற்றாகக் கைவிடவில்லை.

1924ஆம் ஆண்டிலே எல்லாம் ஒரே நாளில் குலைந்தது. அவருடைய படமாளிகையிலே "ரஸியா பேகம்" என்னும் படம் காட்டப்பட்டது. அது பம்பாயிலே தயாரானது. விகடப் படமன்று, சரித்திரப் படம். படமாளிகை நடத்துபவர் தம்முடைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் கதவு திறக்க முடியாது. பிறர் படங்களையும் வாங்கித்தான் காட்ட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே டில்லியை ஆண்ட சுல்தானா ரஸியாவைப் பற்றியது கதை. அவள் ஓர் இந்துக் குடிமகனைக் காதலிப்பதாகப் படத்திலே காட்டியிருந்தார்கள். முஸ்லிம் மன்னர் ஆள, குடிகளுட் பெரும்பாலோர் இந்துக்களாக வாழ்ந்த நாடு அது. அப்படம் நிஜாமின் சினத்தைக் கிளப்பியது. கங்குலியும் அவருடைய கூட்டத்தாரும் நாட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று கட்டளை பிறந்தது.

சட்டத்தின்படி முறையிட வழியில்லையா என்று கேட்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவிலே 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய நகரங்களிலே தணிக்கைச் சபைகள் 1920இல் அமைந்துவிட்டன. ஒரு காட்சி பிடிக்காவிட்டால் அதை வெட்டச் சொல்வார்கள். மறுத்தால் படத்தைத் தடுப்பார்கள். சமஸ்தானத்திலே நிலைமை வேறு. அங்கே மன்னரின் முகமே சட்டம். அதே முகம் மலர்ந்திருந்தபோது கங்குலிக்கு நிலையமும் கொட்டகையும் கிடைத்தன. சுருங்கியபோது அனைத்தும் போயின. பிறர் எடுத்த ஒரு படத்துக்காக, தாம் எடுத்த படங்களின் இருப்பிடத்தையே அவர் இழந்தார். ஒரே இரவில் கையிலே கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிப் புறப்படுவது எப்படியிருக்கும் என்று வன்னி மண்ணிலே வாழும் எவருக்கும் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது? காணி உறுதியா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழா, சுவரிலே தொங்கும் தகப்பனின் படமா?

கங்குலி கல்கத்தாவுக்குத் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளிலே இந்தியப் படத்தொழில் வளர்ந்துகொண்டே போயிற்று. அதனை ஆராய 1927ஆம் ஆண்டிலே அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் ரங்காச்சாரியார் என்னும் தமிழர். கங்குலி மீண்டும் எழுந்தது 1929ஆம் ஆண்டிலே. பிரிட்டிஷ் டொமினியன் பிலிம்ஸ் என்னும் புதிய கம்பனியைத் தொடங்கினார். எடுத்த படங்களைக் காட்டிலும் அங்கே அவர் கண்டெடுத்த ஆட்களே பெருஞ்செல்வம். பர்துவான் நகரிலே காங்கிரஸ் பத்திரிகையொன்றை நடத்திவந்த தேவகி போஸ் என்னும் இளைஞரை அழைத்துக் கதை எழுதச் சொன்னார். "காமனேர் ஆகுன்" என்னும் படம் 1930இல் அவ்வாறு பிறந்தது. அசாமிலுள்ள கௌரிப்பூர் ஜமீன் குடும்பத்து இளவரசர் பிரமதேஷ் பரூவாவும் அங்கேயே படத்தொழிலை அறிந்தார். தேவகி போஸ் பின்னர் "சண்டிதாஸ்", "சீதா" ஆகிய படங்களால் புகழ்பெற்றார். பரூவா 1935இல் "தேவதாஸ்" படத்தை எடுத்தார். நாகேஸ்வர ராவ் நடித்த 1953ஆம் ஆண்டுத் "தேவதா"ஸைப் பார்த்துக் கண்ணீர் விட்டோர் நம் நாட்டிலே பலர். அதற்கு முன்னோடியான படத்தை எடுத்தவர் ஒரு விகடக்காரரின் கூடத்திலே தொழில் பழகியவர் என்பதை அறிந்தால் அவர்கள் வியப்பர்.

ஆசிரியருக்குரிய குணம் கங்குலியை விட்டு நீங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தம்மிடம் வந்தவர் தம்மைவிடப் பெரியவராவதை அவர் தடுக்கவில்லை.

1931ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே "ஆலம் ஆரா" வெளிவந்து, இந்தியப் படம் பேசத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்ரோபர் மாதம் தமிழுக்குக் "காளிதாஸ்" வந்தது. வங்கத்தில் முதலிலே பேசியது, மாப்பிள்ளை விருந்தைப் பற்றிய "ஜமாய் சஷ்டி" என்னும் சிறிய நகைச்சுவைப் படம். கங்குலி விதைத்த நிலத்திலே மதன் கம்பனி அறுவடை செய்தது எனலாம். பேசும் படத்துக்கு வேண்டிய இயந்திரங்களும் ஒலி புகா மண்டபமும் பெருஞ்செலவானவை. பிரிட்டிஷ் டொமினியன் கம்பனி மூடப்பட்டது. தாமே முதலாளியாக இருந்தவர், பின்னர் பி. என். சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ் முதலிய பிறர் நிலையங்களிலே படம் எடுக்கலானார். 1934இல் வந்த "எக்ஸ்கியூஸ் மி சேர்" அங்கே எடுத்த விகடப் படங்களுள் ஒன்று. 1949இல் "கார்ட்டூன்" என்னும் படம் வரையில் அவர் தொழிலிலே இருந்தார்.

பேச்சு வந்ததனால் நகைச்சுவை வளர்ந்ததா, குறைந்ததா என்பது எளிதில் தீராத வழக்கு. போர்க்காலத்திலே மின்சாரமும் மின்கலமும் இல்லாமல், சைக்கிள் தைனமோவைக் கையாலே சுற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். படமின்றிக் குரலை மட்டும் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். ஆகவே குரலை நான் பழிக்கமாட்டேன். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தோன்றியது தொடங்கி, தமிழ்ப் படத்திலே சொல்லும் பாட்டும் சேர்ந்து விளைத்த நகையை எவர் மறக்க முடியும்? ஆனால் ஒன்று. பேசும் படத்திலே நகைச்சுவையாளர் கதாநாயகனுக்குப் பக்கத்திலே நிற்கும் ஆளாகிவிட்டார். கலைவாணர்கூடப் பிறர் கதைக்குள்ளே தமக்கென ஒரு தனிக் கிளைக்கதையைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கங்குலியின் ஊமைப் படத்திலோ சீமைக்காரனே நாயகன். அவனுடைய பேதைமையே கதை.

பிற்காலத்திலே மதிப்புகள் வந்தன. 1974ஆம் ஆண்டிலே பத்மபூஷண் விருது கிடைத்தது. 1975ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கே வழங்கப்பட்டது. புராணப் படத்தின் தந்தையாகிய பால்கேயின் பெயரிலான விருதை, புராணத்தை விட்டு விலகி நடக்க முயன்றவர் பெற்றுக்கொண்டார். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் திகதி, 85 வயதிலே கல்கத்தாவிற் காலமானார்.

இனி, இவருடைய ஊமைப் படங்களைப் பார்க்க விரும்பும் நேயர் ஒருவர் எங்கே செல்வது? இந்தியாவிலே ஏறத்தாழ 1,300 ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன என்பர். முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை 30க்கும் குறைவு. அக்காலத்துச் சுருள் நைத்திரேற்று என்னும் பொருளாலானது. வெப்பத்திலே தானாகவே நைந்து பொடியாகும். பொறி பட்டால் வெடித்தாற்போல எரியும். எஞ்சியதை வெள்ளிக்காக உருக்கியும் சிலர் அழித்தனர். சென்னையில் நடராஜ முதலியாரின் கீசகவதம் இல்லை. நம் நாட்டிலே நூர்பாய் என்பவர் தயாரித்து, பின்னாளில் நிதியமைச்சரான என். எம். பெரேரா நடித்த "ராஜகீய விக்ரமய" 1925இலே எடுக்கப்பட்டது. இலங்கை மக்கள் பார்ப்பதற்கு முன்னரே அதன் பிரதி தீக்கிரையாயிற்று. கங்குலியின் பெயர்பெற்ற ஊமைப் படங்களும் ஏனையவற்றின் வழியே சென்றன. வங்கத்து ஊமை விகடப் படம் எப்படி இருந்தது என்று அறிய இன்று நமக்கு உதவுவது வேறொருவர் எடுத்த படம். காளிபத தாஸ் என்பவர் 1931இல் எடுத்து நடித்த "ஜமாய் பாபு" அது. நாட்டுப்புறத்து மருமகன் ஒருவன் கல்கத்தாவிலே வழிதவறித் திரியும் கதை. சீமையிலிருந்து வந்தவனுக்குப் பதிலாக நாட்டுப்புறத்திலிருந்து வந்தவன்.

2009ஆம் ஆண்டுக்கு முன்னர் எடுத்த புகைப்படம் ஒன்றாயினும் உள்ள வீடுகள் எங்கள் பகுதியிலே குறைவு. பாடசாலையிலே சென்ற தலைமுறையைப் பற்றிய ஒப்படைக்காகப் பழைய படம் கொண்டுவரச் சொன்னால் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவர். அப்போதெல்லாம், "அம்மம்மா எப்படிச் சிரிப்பா என்று வீட்டிலே கேட்டு எழுதி வாருங்கள்" என்று சொல்வேன். எழுதி வருகிறார்கள். ஒரு பிள்ளை, தன் பாட்டி சிரிக்கும்போது வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வா என்று எழுதியிருந்தது. கங்குலியின் படங்களைப் பற்றி நாம் அறிவனவும் இவ்வகையினவே: பார்த்தவர் சொன்னவை, விளம்பரத்தில் வந்தவை, அவரே முதுமையிலே நினைவுகூர்ந்தவை.

ஆனால் 1915ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட அந்தப் புகைப்பட நூலின் படங்கள் சில இன்றும் காணக்கிடைக்கின்றன. அவற்றிலே அவர் சினக்கிறார், நாணுகிறார், அழுகிறார், தலையிலே முக்காடிட்டு ஓரக்கண்ணாற் பார்க்கிறார். அசைவில்லை. எங்கள் மூதாட்டிக்கு அவற்றைக் காட்டவேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். இம்முறை எந்த விதானையாரைக் காண்பாரோ தெரியாது.